கைப்பேசியில் வரும் மருத்துவச் செய்தி: நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தில் வாழும் மூத்தோருக்கான சுகாதாரப் பாடம்



தோட்டத்தில் காய்ச்சல், வெட்டுக்காயம் என்றால் முன்பெல்லாம் டிஸ்பென்சரிக்குப் போவோம். அங்கிருந்த டிரஸ்ஸர் யார், எந்த ஊர், அவர் கொடுத்த மருந்து யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்பதெல்லாம் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் தவறாகச் சொல்லியிருந்தால் மறுநாளே போய்க் கேட்டுவிடலாம்.

இன்று மருத்துவச் செய்தி கைப்பேசி வழியாக வருகிறது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் புலனத்தில் அனுப்புகிறார்கள். நாமும் வலையொளியில் தேடிப் பார்க்கிறோம். பேசுபவர் யார், எங்கிருந்து பேசுகிறார், அவர் சொன்னதைக் கேட்டு யாருக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரிவதில்லை. தவறாகிப் போனாலும் போய்க் கேட்க ஆளில்லை.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சுகாதாரத் தகவல்களைத் தேடுவதும், புரிந்துகொள்வதும், பயன்படுத்துவதும் கடினமாக இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் யாரும் ஏமாறலாம். எனவே இந்தப் பாடத்தைப் படிப்பதில் கூச்சம் வேண்டாம். கண்பார்வை சிரமமாக இருந்தால் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

1. ஓர் எடுத்துக்காட்டு

இது விளக்கத்துக்காக எழுதப்பட்ட கதை. இதில் வரும் பாட்டி யாரையும் குறிப்பவர் அல்லர்.

லெம்பா பெர்த்தாமில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 68. பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர். காலையும் இரவும் மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். ஒருநாள் புலனத்தில் ஒரு காணொளி வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நல்ல தமிழில் பேசினார். "இந்த மாத்திரைதான் உங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. மருத்துவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். இந்தச் சாற்றை 21 நாள் குடியுங்கள்" என்றார்.

பாட்டி பயந்துபோனார். தெரிந்த ஒருவர் டயாலிசிஸ் செய்துகொள்வதை அவர் பார்த்திருக்கிறார். மாத்திரையை நிறுத்தினார். சாறு குடித்தார். உடம்பு முன்போலவே இருந்தது. சொல்லப்போனால் வயிற்று உப்புசம் குறைந்ததுபோல்கூட இருந்தது. காணொளியில் சொன்னது உண்மைதான் என்று முடிவு செய்தார்.

இரண்டு மாதம் கழித்து மகள் வந்தபோது அலமாரியில் பிரிக்காத மருந்துப் பைகள் கிடந்தன.

"ஏம்மா, மருந்து அப்படியே இருக்கு?"

"நல்லாத்தான்டி இருக்கேன். அது கிட்னிக்கு ஆகாதாம்."

மகள் திட்டவில்லை. மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அளவு மிகவும் ஏறியிருந்தது.

பாட்டி மனத்தில் எழுந்த கேள்வி நல்ல கேள்வி. "நான் சாப்பிடும் மருந்து என் சிறுநீரகத்துக்குச் சரியா?" என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். அவர் அதைக் கேட்ட இடம்தான் தவறு.

அந்தக் கேள்விக்குரிய பதில் இதோ. மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அந்த மருந்து உடலில் தேங்கக்கூடும். அதனால்தான் மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து அளவைக் குறைக்கிறார், தேவையானால் வேறு மருந்துக்கு மாற்றுகிறார். சிறுநீரகத்தைக் கெடுப்பவை கட்டுப்படாத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம்.

ஏறிய சர்க்கரை பெரும்பாலும் வலிப்பதில்லை. இரத்தக் கொதிப்பும் அப்படியே. "உடம்பு நன்றாக இருக்கிறது" என்ற உணர்வை வைத்து மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. பரிசோதனைதான் சொல்லும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இருப்பது எவருக்கும் கடினம். மலைப்பாதையில் போய்வர வேண்டிய நமக்கு இன்னும் கடினம். இரண்டு நிமிடக் காணொளியை நம்புவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

2. தேடும் விதம்

தட்டச்சு வராவிட்டால் தேடல் பெட்டியில் உள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழிலோ மலாயிலோ பேசலாம். ஆனால் எப்படிக் கேட்கிறோமோ அப்படித்தான் பதில் வரும்.

"மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்" என்று தேடினால், அப்படிச் சொல்லும் பக்கங்களே முதலில் வந்து நிற்கும். நம் பயத்துக்கு ஏற்ற பதிலை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். "மெட்பார்மின் பயன், பக்கவிளைவு, சுகாதார அமைச்சு" என்று தேடுங்கள். மலாயில் "மெட்பார்மின் கெசான் சம்பிங்ஙான் கே கே எம்" என்று சொல்லலாம். கே கே எம் என்பது நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் மலாய்ச் சுருக்கம். அதைச் சேர்த்துத் தேடினால் அமைச்சின் பக்கங்கள் மேலே வர வாய்ப்பு அதிகம்.

தேடல் முடிவுகள் வந்தவுடன் முதலில் இருப்பதைத் தொடாதீர்கள். சற்று நின்று பாருங்கள்.

அ) "டித்தாஜா" என்ற மலாய்ச் சொல் அல்லது அதே பொருள் தரும் ஆங்கிலச் சொல் மேலே இருந்தால், அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். முதலிடத்தில் இருப்பதால் மட்டும் அது சிறந்த தகவலாகிவிடாது.

ஆ) சில கைப்பேசிகளில் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு தயாரித்த சுருக்கம் வரும். பல பக்கங்களைக் கணினியே படித்துச் சுருக்கியது அது. படிக்க எளிதாக இருக்கும், ஆனால் சில வேளை தவறும். உங்கள் வயதும் உங்கள் சிறுநீரகத்தின் நிலையும் அதற்குத் தெரியாது. அதை வைத்து மருந்தின் அளவை மாற்றாதீர்கள்.

இ) இணைய முகவரியைப் பாருங்கள். மலேசிய அரசாங்கத் தளங்களின் பெயர் ஜி.ஓ.வி. புள்ளி எம்.ஒய். என்ற ஆங்கில எழுத்துகளில் முடியும். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியின் கடைசியில் அது இருக்க வேண்டும். நடுவில் அந்த எழுத்துகளை வைத்து வேறுவிதமாக முடியும் முகவரி அரசாங்கத்துடையது அல்ல.

ஈ) நாளைப் பாருங்கள். மருத்துவ அறிவுரை மாறும். பத்து ஆண்டுக்கு முன் எழுதியது இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

பொதுவான தகவல்களுக்குச் சுகாதார அமைச்சின் மைஹெல்த் தளத்திலிருந்து தொடங்கலாம். நோய்கள், உணவு, மருந்து, முதியோர் நலம் என்று தனித்தனிப் பகுதிகள் அதில் உள்ளன. உலகச் சுகாதார நிறுவனத்தின் தளமும் நம்பத்தக்கது.

3. ஐந்து கேள்விகள்

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் முன் முற்றல் இலையையும் குச்சியையும் பொறுக்கி எடுத்துவிடுவோம். கைப்பேசியில் வரும் மருத்துவச் செய்தியையும் அதுபோல் ஐந்து கேள்விகளால் பொறுக்கிப் பாருங்கள்.

முதல் கேள்வி: சொல்பவர் யார்? வெள்ளைக் கோட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். பெயர், படிப்பு, வேலை செய்யும் இடம் இருக்கிறதா? மலேசியாவில் மருத்துவத் தொழில் செய்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மன்றத்தின் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். சித்தம், ஆயுர்வேதம் உள்ளிட்ட பாரம்பரிய மருத்துவத்துக்கும் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது. அந்த மருத்துவரிடமும் "நீங்கள் பதிவு பெற்றவரா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள். புகழ்பெற்ற மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் கணினியால் போலியாகச் செய்து மருந்து விற்கும் காணொளிகள் இப்போது வருகின்றன. தெரிந்த முகம் பேசுவதால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இரண்டாம் கேள்வி: அவருக்கு இதில் என்ன இலாபம்? பேச்சின் முடிவில் ஒரு புட்டியோ, பொடியோ, தொலைபேசி எண்ணோ வந்தால் அது விற்பனை.

மூன்றாம் கேள்வி: ஆதாரம் என்ன? "ஆய்வில் கண்டுபிடித்துள்ளார்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஆய்வு, எத்தனை பேரிடம், எந்த ஆண்டு என்று சொல்கிறாரா?

நான்காம் கேள்வி: வேறு யார் சொல்கிறார்கள்? அதே செய்தியைச் சுகாதார அமைச்சோ, உலகச் சுகாதார நிறுவனமோ சொல்கிறதா? ஒரே காணொளியைப் பத்துப் பேர் அனுப்பியிருந்தாலும் அது ஒரே இடத்திலிருந்து வந்த செய்திதான்.

ஐந்தாம் கேள்வி: என்னை அவசரப்படுத்துகிறதா, பயமுறுத்துகிறதா? "இன்றே வாங்குங்கள்", "மருத்துவரிடம் சொல்லாதீர்கள்", "எல்லா நோயும் தீரும்" என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

4. "எனக்குக் குணமாச்சு" என்று ஒருவர் சொன்னால்?

"பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டுக் குணமானாரே" என்று நாம் சொல்வதுண்டு. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மருந்தால்தான் குணமானதா என்பதே கேள்வி. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் நடந்தது.

கோவிட்-19 பரவிய 2021-ஆம் ஆண்டில் ஐவர்மெக்டின் என்ற மருந்து கோவிட்டைக் குணமாக்கும் என்ற செய்தி புலனத்தில் வேகமாகப் பரவியது. அது ஆடுமாடுகளின் ஒட்டுண்ணிகளுக்கும், சில நாடுகளில் மனிதருக்கு வரும் சிரங்கு, புழு முதலியவற்றுக்கும் கொடுக்கப்படும் மருந்து. சாப்பிட்டேன், பிழைத்தேன் என்று பலர் சொன்னார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டு மருத்துவர்களே ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2021 மே இறுதியிலிருந்து அக்டோபர் வரை, 20 அரசாங்க மருத்துவமனைகளிலும் ஒரு கோவிட் மையத்திலும் அது நடந்தது. அதில் பங்கேற்ற 490 பேரும் 50 வயதுக்கு மேற்பட்டவர்கள், வேறு நோயும் உள்ளவர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் 241 பேர். அவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு ஐவர்மெக்டினும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவில் 249 பேர். அவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்.

ஐவர்மெக்டின் சாப்பிட்டவர்களில் 189 பேருக்கு நோய் கடுமையாகவில்லை. இதை மட்டும் கேட்டால் "பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குப் பலித்திருக்கிறதே" என்று தோன்றும். அந்த 189 பேரும் "இந்த மருந்துதான் என்னைக் காப்பாற்றியது" என்று மனதாரச் சொல்லலாம்.

இப்போது அடுத்த பிரிவைப் பாருங்கள். அந்த மருந்தைச் சாப்பிடாத 249 பேரில் 206 பேருக்கு நோய் கடுமையாகவில்லை. அதுவும் பத்தில் எட்டுப் பேர்தான். மருந்து சாப்பிட்டவர்களில் 52 பேருக்கும், சாப்பிடாதவர்களில் 43 பேருக்கும் நோய் கடுமையானது. இரு பிரிவுக்கும் இடையே இருந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடிய அளவுதான். ஐவர்மெக்டின் நோய் கடுமையாவதைத் தடுக்கவில்லை என்பது முடிவு. 2022 பிப்ரவரியில் இந்த ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஒன்றில் வெளியாகி, உலகம் முழுவதும் கவனிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பல நோய்கள் தாமாகவே தணியும். மூட்டு வலி சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடுகிறோம். பிறகு வலி இறங்கினால் பெருமை அந்த மருந்துக்குப் போகிறது. மருந்து சாப்பிட்டவர்களைச் சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். எனவே அடுத்த முறை "ஆயிரம் பேருக்குக் குணமானது" என்று கேட்டால், "இதைச் சாப்பிடாத ஆயிரம் பேருக்கு என்ன ஆனது?" என்று கேட்டுப் பாருங்கள்.

5. வாங்கும் முன் எண்ணைப் பாருங்கள்

மலேசியாவில் விற்கப்படும் மருந்து, பாரம்பரிய மருந்து, ஊட்டச்சத்து மாத்திரை ஆகியவை தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவான பொருளின் பெட்டியில் எம், ஏ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், பிறகு எட்டு இலக்கங்களும், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். கடைசி எழுத்து பொருளின் வகையைக் காட்டும். டி என்றால் பாரம்பரிய மருந்து. என் என்றால் ஊட்டச்சத்துப் பொருள். எக்ஸ் என்றால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்து. ஏ என்றால் மருத்துவரோ மருந்தாளரோ மட்டுமே கொடுக்க வேண்டிய கட்டுப்பாட்டு மருந்து. பெட்டியில் பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும்.

எண்ணைப் போலியாக அச்சிடுபவர்களும் உண்டு. அதனால் ஒழுங்குமுறைப் பிரிவின் தளத்தில் அந்த எண்ணைத் தேடி, அதே பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மருந்தாளரிடம் காட்டியும் கேட்கலாம்.

விளம்பரத்துக்கும் சட்டம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டப்படி 20 வகை நோய்களைக் குணப்படுத்துவதாக மக்களுக்கு மருந்து விளம்பரம் செய்யக்கூடாது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய், ஆஸ்துமா, பக்கவாதம் ஆகியவை அவற்றில் சில. "இனிப்பு நீர் முற்றாகக் குணமாகும்" என்று முகநூலில் விளம்பரம் வந்தால், அந்தப் பொருளைச் சோதிக்கும் முன்பே விளம்பரம் சட்டத்தை மீறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பல ஆண்டுகள் மலைச்சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களுக்கும், காய்கறித் தோட்டத்தில் குனிந்து வேலை செய்தவர்களுக்கும் முழங்கால் வலி, இடுப்பு வலி இருக்கும். வலிக்கு "மூலிகை" என்று விற்கப்படும் பதிவில்லாத சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலக்கப்பட்டிருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். அதைச் சாப்பிட்டால் வலி இரண்டே நாளில் பறந்துவிடும். பசி எடுக்கும். "அற்புதமான மருந்து" என்று நினைப்போம். நாளடைவில் முகம் வீங்கும், சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் ஏறும், எலும்பு தேயும், வயிற்றில் புண் வரும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஏதாவது சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பொட்டலத்தோடு மருத்துவரிடம் வாருங்கள். யாரும் உங்களைக் கண்டிக்க மாட்டார்கள்.

வீட்டுச் சமையலில் இருக்கும் பாகற்காயையோ மஞ்சளையோ விட வேண்டியதில்லை. உணவாகச் சாப்பிடுவது வேறு, மருந்தாக அதிக அளவில் சாப்பிடுவது வேறு. பாகற்காய்ச் சாற்றை அதிகமாகக் குடித்து, இனிப்பு நீர் மாத்திரையும் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குச் சில மூலிகை மாத்திரைகளால் இரத்தக்கசிவு ஏற்படலாம். இரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று சொல்லப்படும் பெலிம்பிங் பழம் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு நஞ்சாகி, விடாத விக்கலும் மனக்குழப்பமும் வலிப்பும் வரக்கூடும். ஒருவருக்கு ஒத்துக்கொண்டது இன்னொருவருக்கு ஆகாமல் போவது இப்படித்தான்.

6. கடல் கடந்து வரும் காணொளிகள்

நாம் பார்க்கும் தமிழ்க் காணொளிகளில் பல தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. நல்ல மருத்துவர்களும் அவற்றில் பேசுகிறார்கள். ஆனால் அங்கு விற்கும் எல்லா மருந்தும் இங்கே பதிவானவை அல்ல. பேசுபவரை இங்குள்ள சட்டம் கட்டுப்படுத்தாது. தாய்மொழியில், வீட்டு ஆள் போலப் பேசுவதால் நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

2018 ஜூலையில் தமிழ்நாட்டின் திருப்பூரில் ஓர் இளம் பெண் வீட்டிலேயே குழந்தை பெற்று, அதிக இரத்தப்போக்கால் இறந்தார். வலையொளியில் பார்த்ததைக் கொண்டு வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றார்கள் என்று செய்திகள் கூறின. அவர் பள்ளி ஆசிரியை.  காணொளியில் எல்லாம் நன்றாக முடியலாம். ஏதாவது தவறினால் காணொளியால் உதவ முடியாது. மருத்துவமனையில் இரத்தம் ஏற்ற ஆள் உண்டு. காணொளிக்கு அது முடியாது.

7. புலனத்தில் வந்தால்

செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்த செய்தி. அனுப்பியவர் உங்கள் அன்புத் தம்பியாக இருக்கலாம். எழுதியவர் யாரென்று அவருக்கும் தெரியாது. அவர்மேல் உள்ள அன்பையும் செய்தியின் உண்மையையும் ஒன்றாக்க வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் சரிபார்க்கும் வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017 மார்ச்சில் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில், பரவும் பொய்ச் செய்திகளைப் பற்றிய விளக்கங்கள் மலாயில் வருகின்றன. பேரப்பிள்ளையிடம் சொல்லித் தேடச் சொல்லலாம்.

உறவினர் அனுப்பியது தவறு என்று தெரிந்தால், எல்லாரும் இருக்கும் குழுவில் கண்டிக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ அனுப்பியதைக் கிளினிக்கில் கேட்டேன். இப்படிச் சொன்னார்கள்" என்று சொல்லுங்கள். மூத்தவர் சொன்னால் கேட்பார்கள்.

8. யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் கிளினிக்கில் கேளுங்கள். மருந்து வாங்கும் முகப்பில் இருப்பவர் மருந்தைப் பற்றிப் படித்த மருந்தாளர். பார்த்த காணொளியைக் கைப்பேசியிலேயே காட்டிக் கேட்கலாம். மூலிகை உட்பட வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மலாயில் விளக்கிச் சொல்லச் சிரமமாக இருந்தால் மகனையோ மகளையோ அழைத்துச் செல்லுங்கள், அல்லது தமிழ் தெரிந்த பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனையிலும் மருந்தாளர்கள் இருக்கிறார்கள்.

கீழ்க்கண்ட எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

தேசிய மருந்தகத் தொலைபேசி மையம், அலுவலக நேரத்தில், கட்டணமில்லை: 1-800-88-6722. மருந்தைப் பற்றிய கேள்விகளுக்கு.

பினாங்கில் உள்ள தேசிய நச்சு மையம்: 1-800-88-8099. பூச்சிமருந்து பட்டுவிட்டால், விழுங்கிவிட்டால், மருந்தை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்க. காய்கறித் தோட்டங்கள் நிறைந்த நம் வட்டாரத்தில் இந்த எண் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும்.

பண மோசடி: 997. மருந்துக்கு என்று பணம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே அழையுங்கள்.

அவசரம்: 999. நெஞ்சுவலி, திடீரென்று வாய் கோணுதல், கை கால் செயலிழத்தல், மூச்சுத்திணறல், நினைவிழத்தல் ஆகியவற்றுக்குக் கைப்பேசியில் வைத்தியம் தேடாதீர்கள். உடனே அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்துசேர நேரமாகும் என்பதால் ஒரு நிமிடமும் வீணாக்கக்கூடாது.

9. பயிற்சி

பதிலைப் பார்க்காமல் முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

கேள்வி 1: இரவுச் சந்தையில் ஒரு மூட்டுவலிப் பொடி விற்கிறார்கள். எம்.ஏ.எல். எண் இல்லை. "நூறு விழுக்காடு இயற்கை" என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?
பதில்: வேண்டாம். எண் இல்லாத பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சோதிக்கவில்லை.

கேள்வி 2: ஒரு பெட்டியில் எண் இருக்கிறது, கடைசி எழுத்து டி. விற்பவர் "இது புற்றுநோயைத் தீர்க்கும்" என்கிறார். நம்பலாமா?
பதில்: நம்பக்கூடாது. பதிவான பாரம்பரிய மருந்தாக இருந்தாலும் அப்படி விளம்பரம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. பதிவு எண் இருப்பதால் அந்தப் பொருள் எல்லா நோயையும் தீர்க்கும் என்று ஆகிவிடாது.

கேள்வி 3: இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வறட்டு இருமல். இணையத்தில் தேடினால் இந்த மாத்திரையால் இருமல் வரும் என்று இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
பதில்: நீங்களாக நிறுத்தக்கூடாது. ஆனால் நீங்கள் கண்டுபிடித்தது பயனுள்ள தகவல். சில வகை இரத்தக் கொதிப்பு மாத்திரைகளால் உண்மையாகவே வறட்டு இருமல் வரும். கிளினிக்கில் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். இணையத்தில் படித்ததை மருத்துவரிடம் கேள்வியாகக் கொண்டுபோவதுதான் சரியான வழி.

கேள்வி 4: வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு மருந்துப் பெட்டியை எடுத்து, அதன் எண்ணைப் பேரப்பிள்ளையோடு சேர்ந்து இணையத்தில் தேடுங்கள். பெயர் ஒத்துப்போகிறதா?
பதில்: ஒத்துப்போகாவிட்டால் பெட்டியோடு மருந்தாளரைப் பாருங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

கைப்பேசியில் தேடுவது தவறில்லை. உங்கள் நோயைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது நல்லதுதான். தேடுங்கள், படியுங்கள், சந்தேகத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு அடுத்த முறை கிளினிக்குக்கு வாருங்கள். அதுவரை மருத்துவர் கொடுத்த மருந்தைக் குறைக்கவோ, கூட்டவோ, நிறுத்தவோ வேண்டாம்.

படித்து முடித்ததும் இந்த ஏட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.